இக்கிக்கே ஊரில் ஒரு பெரட்டு

1

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊருக்கு வேறு எந்த வருடமும் ஞாபகம் இருக்காது. 1907 மட்டும்தான். சுவரில் எழுதுகிறார்கள், ரேடியோவில் பேசுகிறார்கள், மீன் விற்கிற அம்மா கூட மீனை வெட்டிக்கொண்டே அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறாள்.

"எங்கள் ஊர்" என்றா எழுதினேன்? பாருங்கள், கை தானாக எழுதிவிட்டது. என் ஊர் இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இது இக்கிக்கே. சிலி நாட்டின் வடக்கு ஓரம், முன்னால் கடல், பின்னால் மொட்டை மலை. புல் பூண்டு இல்லாத மலையை மலை என்று சொல்லவே எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மழை என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. டயகமவில் துணி காயாமல் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை வாடையோடு பள்ளிக்கூடம் போனவள் நான். இங்கே துவைத்துப் போட்டால் காபி குடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம் வரவில்லை, என்ன செய்ய.

என் வீட்டுக்காரர் ரவி தலவாக்கலைக்காரர். இங்கே தீர்வையில்லா வணிக வளாகத்தில் இந்திய முதலாளி ஒருவரின் கிடங்கில் வேலை. நானும் அதே கடையில் சாமான் கட்டி அனுப்பும் பகுதியில் இருக்கிறேன். மகள் கயல்விழி இங்கேயே பிறந்தவள். பதினைந்து வயது. கூட்டாளிகளுக்கு அவள் "கயா". தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் மரியாதை மட்டும் ஒட்டவே ஒட்டாது. "அம்மா, மாமா என்ன சொன்னான்?" என்பாள். தாய்மாமனை "சொன்னான்" என்கிற பிள்ளையை என்னதான் செய்வது? திருத்தித் திருத்தி என் தொண்டைதான் வறண்டது.

சாயங்காலம் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தேநீர் குடிக்கிறார்கள். கடையில் நம் நாட்டுத் தேயிலை டப்பா அடுக்கி வைத்திருக்கிறது. டப்பாவில் ஒரு பெண் கூடை மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். என் அண்ணி பார்வதி இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிக்கிறாள். மலையில் நிற்கும்போது அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி அந்த டப்பாவைக் காட்டி, "உங்கள் ஊர் எவ்வளவு அழகு!" என்கிறபோது, "ஆமாம் ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். விளக்கம் சொல்ல என் ஸ்பானிஷும் போதாது, பொறுமையும் போதாது.

2

1907-இல் என்ன நடந்தது என்பதை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது கயல் மூலமாகத்தான். அவளுடைய மாணவர் குழு அதை நாடகமாகப் போடுகிறது. அதனால் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் சோறு, குழம்பு எல்லாவற்றிலும் 1907 வாடைதான்.

மேலே பாலைவனத்தில் வெடியுப்பு வெட்டியெடுத்த கூலிகள். கையில் காசு கொடுக்காமல் கம்பெனி வில்லையைக் கொடுத்தார்கள். அந்த வில்லை கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். அந்தக் கடையில் எடையும் சரியில்லை. பொறுத்துப் பார்த்த ஜனம் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையிறங்கி இக்கிக்கேக்கு வந்தது. அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? கடைக்கு வெளியே ஒரு தராசு வைக்க வேண்டும், வாங்கின சாமானை நாங்களே நிறுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களைத் தங்கவைத்தார்கள். டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி அந்தப் பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் சுற்றி வளைத்துச் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை ஒருவர் சொல்கிற கணக்கு இன்னொருவர் சொல்கிற கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

"தராசு கேட்டதுக்கா சுட்டாங்க?" என்று கேட்டேன்.

கயல் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதுல என்னம்மா ஆச்சரியம்? மாமாவும் தராசுக்காகத்தானே சண்டை போட்டான்?"

"போட்டாரு."

"போட்டாரு" என்று திருத்திக்கொண்டாள்.

3

அண்ணனுடைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையில் ஒரு அடி நகர முடியாது.

என் அண்ணன் முருகேசு தோட்டத்துச் சங்கத் தலைவர். தலைவர் என்றதும் கார், பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்று, சமைக்க ஒரு ஒட்டுக் குசினி. அவ்வளவுதான் தலைவரின் சொத்து. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். அது காலங்காலமாக நடப்பது. இந்த வருடம் கழிவைக் கூட்டிவிட்டார்கள். கழித்த பிறகு எடை குறைகிறவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் போய்த் தராசுக்கு முன்னால் நின்றார். சாக்கைத் தனியாக நிறுத்துக் காட்டுங்கள், அதற்கு மேல் கழிக்காதீர்கள் என்றார். மூன்று நாள் வேலை நடக்கவில்லை.

பிறகு மேலிடத்திலிருந்து சங்கத்துப் பெரியவர்கள் வந்தார்கள், தோட்டத்தை நடத்துகிற தொரையோடு அறைக்குள் போனார்கள், கை குலுக்கி வெளியே வந்தார்கள். கழிவு கொஞ்சம் குறைந்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அண்ணனை மட்டும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். வேலையில்லாதவருக்குக் காம்பரா எதற்கு, அதைக் காலி செய் என்று வேறு சொல்லியாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் பிறந்த காம்பரா அது. எங்கள் அப்பாவையும் அம்மாவையும் அதன் வாசலில் இருந்துதான் தூக்கிக்கொண்டு போனோம்.

கை குலுக்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வேலை இல்லை என்று சொன்ன மறுநாளும் விடியக்காலையில் எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போனார். தோட்டத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் எல்லோரும் கூடி நிற்கிற இடம்தான் பெரட்டுக் களம். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "வந்திருக்கேங்க" என்று சொன்னால்தான் அன்றைக்கு வேலை. அண்ணன் போய் வழக்கமான இடத்தில் நின்றார். எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்கள், இவர் பெயரைத் தவிர. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். தினமும் போகிறார்.

"என்னாத்துக்குண்ணே போறீங்க? மானம் போகுது" என்று போனில் கத்தினேன்.

"போகாம இருந்தா நானே விட்டுட்டுப் போனதா எழுதிருவாங்க புள்ள" என்றார். "நான் நிப்பேன். கூப்பிடாதது அவங்க பாடு."

4

கயலுக்கு நாடகத்தில் ஒரு பொலிவியப் பெண் வேடம். 1907-இல் இங்கே வேலை செய்தவர்களில் பெருவியர்களும் பொலிவியர்களும் உண்டு. சுடுவதற்கு முன்னால் அந்தந்த நாட்டுத் தூதர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எங்கள் ஆட்கள் வெளியே வாருங்கள், உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று கூப்பிட்டார்களாம். அவர்கள் போகவில்லை. கூட வேலை செய்தவர்களோடு உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது எங்கள் லயம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்ற பெயரில் எங்கள் ஆட்களில் பாதிப் பேரை இந்தியா என்றும் மீதியை இலங்கை என்றும் பிரித்தார்கள். எங்கள் பெரியம்மா குடும்பத்தை ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த ரயிலடியில் அழுத அழுகையைப் பற்றி அம்மா சாகும்வரை பேசினாள். எங்களிடம் யாரும் வந்து வருகிறாயா, இருக்கிறாயா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வீட்டில் ஒத்திகைக்கு ஆள் வேண்டும். ரவிக்கு நாடகம் என்றால் கொட்டாவி வரும். அதனால் தூதர் வேடத்தை நான் படித்தேன். பிள்ளைகளே எழுதிய வசனம். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தாள்.

"நீங்கள் வெளிநாட்டுக்காரர்கள். இது உங்கள் சண்டை இல்லை. என்னோடு வாருங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்" என்று என் ஓட்டை ஸ்பானிஷில் வாசிப்பேன். கயல் நெஞ்சை நிமிர்த்தி, "இவர்களோடுதான் வெயிலில் வெந்தோம், இவர்களை விட்டு வரமாட்டோம்" என்பாள். "அம்மா, இன்னும் அன்பாக் கூப்பிடு. தூதர் கெட்டவனில்லை. அவனுக்கு அவங்க மேல அக்கறைதான்" என்று எனக்கே பாடம் நடத்துவாள்.

அப்படி ஒத்திகை நடந்த ஒரு சனிக்கிழமை, குடிவரவு அலுவலகத்துக்காரர்கள் என்னை அலைக்கழித்த வாரத்தின் கடைசி. அண்ணனை இங்கே கூப்பிட முடியுமா என்று விசாரிக்கத்தான் போனேன். நேரில் பேச முடியாது, இணையத்தில் நேரம் வாங்கு என்றார்கள். இணையத்தில் நேரமே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனால், "ஸ்ரீலங்கா இந்தியாவில் எந்த மாநிலம்?" என்று கேட்டான் ஒரு சின்னப் பையன். நம் நாட்டுத் தூதரகம் இங்கே கிடையாது, ஒரு தாளில் ஒரு முத்திரை வேண்டுமென்றாலும் வேறு நாட்டுக்கு எழுத வேண்டும். இதில் எனக்குத் தோட்டத்துப் பழக்கம் வேறு. அதிகாரி அறைக்குள் வந்தால் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவேன். அந்தப் பையன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்ததற்கும் எழுந்து நின்றேன். அவன் எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

அந்த எரிச்சலோடுதான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, போதும். நீங்க கெளம்பி வந்துருங்க. எப்படியாச்சும் நான் விசா எடுக்குறேன். இங்க கடையில வேல இருக்கு."

"அண்ணியும் புள்ளைங்களும்?"

"மொதல்ல நீங்க வாங்க. அவங்கள பொறவு கூப்பிட்டுக்கலாம்."

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒங்களுக்காக யாருண்ணே நின்னா? கழிவு கொறைஞ்சதும் கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்கல்ல? ஒங்க பக்கம் திரும்பிப் பார்த்தாங்களா?"

"மூணு நாள் நின்னாங்களே. அடுப்பு எரியணும்ல புள்ள. அவங்களப் பேசாத."

"இது ஒங்க சண்ட இல்லண்ணே! ஒங்களுக்கு மட்டும் என்னா வந்துச்சு? வாங்க, பொழைச்சுக்கலாம்."

அண்ணன் சிரித்தார். "நான் வரல. விசாரணை முடியட்டும். இங்கதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று பேச்சை மாற்றினார். மழையே இல்லாத ஊர் என்று எத்தனை தடவை சொன்னாலும் மழை எப்படி என்று கேட்பார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கயல் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ தூதர் வசனத்த நல்லா மனப்பாடம் பண்ணிட்ட" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு உள்ள போ" என்றேன். வேறு என்ன சொல்வது? சுருக்கென்று இருந்தது. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

5

இருபத்தொன்றாம் தேதி. அந்தப் பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் மேடை போட்டிருந்தார்கள். நல்ல வெயில். முரசு, கொடி, கைக்குழந்தைகள், ஐஸ் விற்கிறவன், எல்லாம் இருந்தது. நாடகம் முடிந்தது. கயல் நன்றாகவே நடித்தாள். "வரமாட்டோம்" என்று அவள் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. ரவி கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதன் பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். இது இந்த நாட்டு வழக்கம். செத்துப்போனவரின் பெயரை ஒருவர் உரக்கச் சொல்வார். கூட்டம் மொத்தமும் "பிரெசென்தே!" என்று கத்தும். வந்திருக்கிறார், இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம்.

எனக்கு உடம்பு கூசியது. தோட்டத்தில் இது நடக்கவே நடக்காது. பெரட்டில் அடுத்தவருக்கு ஆள் சொல்லக் கூடாது. நான் சின்னவளாக இருந்தபோது செல்லம்மா அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல். அவள் வந்துசேரப் பிந்திவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் பக்கத்து லயத்து ராக்காயி, "வந்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டாள். கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு கூடப் பிறந்தவளுக்குக் கூட யாரும் வாய் திறந்ததில்லை. அவரவர் பெயருக்கு அவரவர் வாய். அப்படியே வளர்ந்தவள் நான். இந்த ஊரில் எத்தனையோ டிசம்பர் பார்த்தும் ஒரு தடவைகூட நான் "பிரெசென்தே" சொன்னதில்லை. சொல்ல வராது.

கடைசியில் மேடையில் இருந்தவர், வேறு யாராவது பெயர் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். ஒரு கிழவர் தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். ஒரு பெண் யாரோ தொழிற்சங்கக்காரர் பெயரைச் சொன்னாள். மேடை ஓரத்தில், பொலிவியப் பாவாடையைக் கூடக் கழற்றாமல் நின்ற என் மகள் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"முருகேசு, சிலோன் தேயிலைத் தோட்டம்!"

நான் எழுந்திரிப்பதற்குள் அத்தனை ஜனமும் கத்திவிட்டது. "பிரெசென்தே!"

ஐயோ! உயிரோடு இருக்கிற மனுஷன்! செத்தவர்கள் வரிசையில் வைத்துக் கூப்பிட்டுவிட்டாளே பாவி! கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒனக்கு அறிவிருக்கா? மாமா செத்தாடி போயிட்டாரு?"

"இல்லம்மா! மாமா பேர பெரட்டுல யாரும் கூப்பிடலன்னு நீதான சொன்ன? அதான் நான் கூப்பிட்டேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் இருக்கார்னு சொன்னாங்க. அதுல என்ன தப்பு?"

"இருக்கார்" என்றாள். அந்தக் கோபத்திலும் அது என் காதில் விழுந்தது.

ஆனாலும் மனம் ஆறவில்லை. பக்கத்துச் சந்துக்குள் போய் நின்று உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே இராச் சாப்பாட்டு நேரம். அண்ணி எடுத்தாள். அவள் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காயிதம் வந்துருச்சு செல்வி" என்றாள். "பேர வெட்டிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள காம்பராவ விடணுமாம்."

அண்ணன் போனை வாங்கினார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அப்படி வந்தால் சம்பந்தமில்லாததைப் பேசுகிறவள் நான். கயல் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிட்டுவிட்டாள் அண்ணே, கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கள் என்று ஏதேதோ புலம்பினேன்.

அண்ணன் என் புலம்பலை நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"எத்தன பேரு புள்ள ஆள் சொன்னாங்க?"

"தெரு நெறைய ஆளுண்ணே. எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாருமா?"

"ஆமாண்ணே."

"இங்க ஒருத்தரும் சொல்லல" என்றார். குரலில் கோபம் இல்லை. "இன்னிக்குங் காலைல போயி நின்னேன். எல்லாரும் தரையப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. சொல்ல முடியாது புள்ள, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருத்தராச்சும்னு நெனைச்சேன்."

அந்த மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கழிவு கூடினபோதும், பெரியவர்கள் கை குலுக்கினபோதும், வேலையை நிறுத்தினபோதும் சிரித்துக்கொண்டிருந்தவர்.

"பாப்பா பக்கத்துல இருக்கா?" என்றார். "போனக் குடு."

கயல் வாங்கிக் காதில் வைத்தாள். நான் ஒலியைக் கூட்டிவிட்டேன்.

"மாமா, மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"அதெல்லாம் விடு. இன்னொரு தடவ கூப்பிடு பாப்பா."

"முருகேசு மாமா..."

"மாமா எல்லாம் வேணாம். பேர மட்டும் கூப்பிடு. கணக்கப்பிள்ள மாதிரி நல்லாச் சத்தமா."

கயல் என்னைப் பார்த்தாள். தாய்மாமன் பெயரை மொட்டையாகச் சொல்லக் கூடாது என்று பதினைந்து வருடமாக அவளைப் பிடித்துக் கத்துகிறவள் நான். தலையாட்டினேன்.

"முருகேசு!"

"வந்திருக்கேங்க!"

தெருவில் முரசு அடித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. லயத்தில் அக்கம் பக்கத்துக் காம்பராவில் எல்லாம் கேட்டிருக்கும்.